கஸ்பார் டேங்க்கை மாற்றி வைத்தது

"எம்மா, என் படகு வானத்தப் பாக்கு. இத என்ன செய்ய?"

ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று கஸ்பார் இப்படித்தான் கேட்டார்.

எமில்டா நிமிரவில்லை. யாருடைய எஞ்சினோ அவள் மடியில் பாகம் பாகமாகக் கிடந்தது. வாயில் இரண்டு ஸ்க்ரூ. வாயில் ஸ்க்ரூ இருப்பதால் அவள் பேசுவது குறைவு என்று ஊரில் சிலர் சொன்னார்கள். பேசாமல் இருப்பதற்குத்தான் ஸ்க்ரூவையே வைத்துக்கொள்கிறாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

கஸ்பாருக்கு ஐம்பத்தேழு வயது. எமில்டாவுக்கு முப்பத்தொன்று. ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்து படகு எஞ்சின் பார்க்கிறவள். தலை நரைத்தவன் ஒரு சின்னப் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போகலாமா என்று கஸ்பாரே இரண்டு வாரம் யோசித்தார். பிறகு வேறு வழியில்லை என்று ஆனது. அப்படி ஆகும்போது கூச்சம் தானாகக் கழன்று போகிறது.

விஷயம் இதுதான்.

முப்பது வருடம் சிலுவை முதலாளியின் படகில் கூலிக்குப் போனவர் கஸ்பார். துறைமுகத்தில் ஆழம் பார்க்க வைத்திருந்த பழைய அலுமினியப் படகு ஒன்று ஏலத்துக்கு வந்தபோது மனைவி பிரகாசியின் சங்கிலியோடு போய் எடுத்து வந்துவிட்டார். பதினாலு அடி. ஊர் அதற்கு 'சட்டி' என்று பேர் வைத்தது. வைக்கட்டும், நமக்கென்று ஒன்று இருக்கிறதே என்று கஸ்பார் பொறுத்துக்கொண்டார்.

சட்டி ஆற்றுக்குள் நன்றாகத்தான் ஓடியது. ஆறு கடலைத் தொடும் முகத்துவாரத்தில் மட்டும் அதற்குப் பேய் பிடித்தது. அங்கே மணல் திட்டின் மேல் மூன்று அலை வரிசையாக உடையும். மூன்றையும் தாண்டினால்தான் கடல், தாண்டாதவனுக்கு ஆற்றில் கிடக்கிற பொடிமீன்தான். முதல் அலையிலேயே படகின் முன்பக்கம் மேலே எழும்பும். பின்பக்கம் தண்ணீரைக் குடிக்கும். ஒரு தடவை அப்படியே மல்லாந்து கவிழப் பார்த்தது.

பன்னிரண்டு முறை போனார். பன்னிரண்டு முறை திரும்பினார்.

சிலுவை முதலாளி ஆள் அனுப்பினார். கஸ்பாரின் இடம் இன்னும் காலியாகவே இருக்கிறதாம், மாதா கோயில் கொடியேற்றம் வரைக்கும் காத்திருப்பாராம், அதற்குப் பிறகு வேறு ஆளாம். கஸ்பார் பிரகாசியிடம் சொன்னார், கொடியேற்றத்துக்குள் சட்டி கடலைப் பார்க்கவில்லை என்றால் அதை விற்றுவிட்டு மறுபடி கூலிக்கே போய்விடுகிறேன் என்று. அன்று இரவுச் சோற்றில் உப்பே இல்லை.

கொடியேற்றத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்.

எமில்டா எழுந்து வந்து படகைப் பார்த்தாள். சுற்றி வந்தாள். பிறகு வாயிலிருந்த ஸ்க்ரூவைக் கையில் எடுத்தாள்.

"பின்னாடி யாரெல்லாம் இருக்கிய?"

கஸ்பார் விரல் விட்டு எண்ணினார். எஞ்சின். எஞ்சினைப் பிடித்துக்கொண்டு நான். எனக்குக் கீழே ஐம்பது லிட்டர் பெட்ரோல் டேங்க், அதன் மேல்தான் உட்காருவேன்.

"முன்னாடி?"

"மாதா படம் ஒண்ணு ஒட்டியிருக்கேன்."

"மாதா ஒருத்தியே எம்புட்டு நேரந்தான் அமுக்கிப் பிடிப்பா?"

ஸ்க்ரூ மறுபடி வாய்க்குள் போனது. அவ்வளவுதான் பாடம்.

*

கஸ்பார் வீட்டுக்கு ஓடவில்லை, பறந்தார். மறுநாளே டேங்க்கைக் கழற்றி, தூக்கிக்கொண்டு போய் மாதா படத்துக்குக் கீழே, படகின் மூக்கிலேயே இறுக்கிவிட்டார். குழாயை நீட்டினார். எழுந்து நின்று பார்த்தார். சட்டி பூமியைப் பார்த்தது. அவருக்கு அதுவே பெரிய முன்னேற்றமாகப் பட்டது.

முகத்துவாரத்தில் முதல் அலை வந்தது. படகு அதன் மேல் ஏறவே இல்லை, நேராக அதற்குள் புகுந்தது. பின்னால் எஞ்சின் தண்ணீரை விட்டு எழும்பிக் காற்றில் கத்தியது. கஸ்பார் வாளியால் இறைத்துக்கொண்டே கரைக்கு வந்தார். மாதா படம் வரவில்லை.

நனைந்த சட்டையோடு நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போய், நீ சொன்னதைத்தானே செய்தேன் என்று சண்டை பிடித்தார்.

"நான் கேள்விதான கேட்டேன் மாமா," என்றாள் எமில்டா. "பதில் நீங்களா சொல்லிக்கிட்டிய."

கஸ்பாருக்குக் கோபம் வந்தது. போய்விடலாம் என்று திரும்பினார். போனால் எங்கே போவது? சிலுவை முதலாளியின் படகுக்குத்தான் போக வேண்டும். அதனால் மறுபடி திரும்பி நின்றார்.

"சரி. பதிலயும் நீயே சொல்லு."

"நாளைக்கு ஒரு தண்ணி டிரம் கொண்டாங்க."

*

ஆற்றில் காற்றில்லாத ஒரு காலை. எமில்டா படகின் வெளிப்பக்கம், தண்ணீர் தொடுகிற மட்டத்தில் முன்னும் பின்னும் சிவப்பு பெயின்ட்டால் கோடு இழுத்தாள். டிரம்மைப் படகில் ஏற்றி, டேங்க்கின் கனத்துக்குச் சரியாகத் தண்ணீர் ஊற்றினாள். கஸ்பாரை அவர் இடத்தில் உட்காரச் சொன்னாள். பிரகாசி கரையில் நின்று கோட்டைப் பார்க்க வேண்டும்.

டிரம் பின்னால் இருந்தது. பின் கோடு முங்கியிருப்பதாகப் பிரகாசி சொன்னாள்.

தண்ணீரைக் கொட்டச் சொன்னாள் எமில்டா. கஸ்பார் கொட்டினார். பின் கோடு வெளியே வந்தது.

டிரம்மை ஒரு சாண் முன்னால் நகர்த்தினாள். ஊற்றச் சொன்னாள். பிரகாசி பார்த்துச் சொன்னாள். கொட்டச் சொன்னாள். பிரகாசி பார்த்துச் சொன்னாள். இன்னொரு சாண்.

ஏழாவது தடவையில் கஸ்பாருக்குக் கை விட்டுப்போனது. டேங்க்கில் நான் பெட்ரோலை நிரப்பிக்கொண்டுதானே போகப்போகிறேன், நிறைந்த கனத்தை மட்டும் பார்த்தால் போதாதா, எதற்கு ஒவ்வொரு தடவையும் காலியாக்கிப் பார்க்க வேண்டும் என்று முனகினார்.

"வரும்போதும் நிறைஞ்சா இருக்கும்?"

கஸ்பார் முனகலை நிறுத்தினார். முப்பத்தொன்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். படகு போகும்போது கனத்துப் போவதும், வரும்போது இளைத்து வருவதும் இன்று காலைதான் முதன்முதலாகக் காதில் விழுந்ததுபோல் இருந்தது. வாளியை எடுத்தார்.

வெயில் ஏறிவிட்டது. நடுப்பலகைக்குச் சற்றுப் பின்னால், ஒரு முழம் தள்ளி, டிரம் நின்றது. கஸ்பார் ஊற்றினார்.

"முன்னும் பின்னும் ஒரே மாதிரி கெடக்கு," என்றாள் பிரகாசி.

கொட்டினார்.

"இப்பவும் ஒரே மாதிரிதான் கெடக்கு. படகு கொஞ்சம் உயந்திருக்கு, அம்புட்டுதான்."

எமில்டா பெயின்ட்டைத் தொட்டு டிரம்மைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். பிறகு கரைக்கு இறங்கிப் போய்விட்டாள். நிறைந்தாலும் குறைந்தாலும் படகுக்குத் தெரியாத இடம் எது என்பது இப்போது கஸ்பாருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த சந்தோஷத்தில் அன்று இரண்டு தட்டுச் சோறு தின்றார். உப்பும் சரியாக இருந்தது.

டேங்க்கை மாற்றுவதற்கு நான்கு நாள் ஆயின. அலுமினியம் மெலிசு, அடியில் துளை போட்டால் அதுவே வாசல் ஆகிவிடும் என்று எமில்டா ஆணியே அடிக்க விடவில்லை. குறுக்கே பலகை போட்டு, அதன் மேல் டேங்க்கை வைத்து, பட்டைப் பெல்ட்டால் கட்டினார்கள். துளை பெரிதான குழாய் வாங்கி வரச் சொன்னாள், நீளம் கூடினால் எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சத் திணறுமாம். பெட்ரோல் ஆவி போகிற மூச்சுக்குழாயைப் படகுக்கு வெளியே திருப்பிவிட்டாள். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றக் கையால் அமுக்குகிற ரப்பர் குமிழ் மட்டும் எஞ்சின் பக்கத்திலேயே இருந்தது.

வெள்ளை டேங்க் அது. உள்ளே பெட்ரோல் நிழலாகத் தெரியும். இத்தனை நாள் அதன் மேலேயே உட்கார்ந்திருந்ததால் கஸ்பார் அதைப் பார்த்ததில்லை. இப்போது கண்ணுக்கு நேரே இருந்தது.

*

கொடியேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கஸ்பார் மறுபடி முகத்துவாரத்துக்குப் போனார்.

முதல் அலையைத் தாண்டினார். கரையில் யாரோ விசில் அடித்தார்கள். இரண்டாவது அலையில் முன்பக்கம் எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது. கஸ்பாருக்கு வானம் தெரிந்தது. பின்பக்கம் தண்ணீர் முழங்கால் வரைக்கும் ஏறியது. எப்படித் திருப்பினார் என்று அவருக்கே தெரியாது.

கரையில் சிலுவை முதலாளி நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. பாவம் என்பது போலத் தலையை ஆட்டினார். சிரித்திருந்தால் கஸ்பார் தாங்கியிருப்பார்.

அன்று அவர் ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கவில்லை, உள்ளேயே போய்விட்டார். உன் டிரம்மும் உன் கோடும் பொய் என்றார். நாலு நாளை வீணாக்கினேன் என்றார். ஊர் முழுக்கச் சிரிக்கிறது என்றார். பெண்டாட்டி சங்கிலி போச்சு என்றார். கடைசியில் குரல் உடைந்து நின்றுவிட்டார்.

எமில்டா கேட்டு முடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு படகுக்கு நடந்தாள். கஸ்பார் பின்னால் போனார்.

அவர் உட்காருகிற இடத்தில் அவள் உட்கார்ந்தாள். எஞ்சினைப் பிடித்துப் பார்த்தாள். டேங்க்கைப் பார்த்தாள். பிறகு குனிந்து, பின்பலகைக்கு அடியில் தொங்கிய தார்ப்பாயைத் தூக்கினாள்.

பழைய டேங்க் இருந்த இடத்தில் இருபது லிட்டர் கேன் இரண்டு நின்றன. இரண்டும் நிறைய பெட்ரோல். பக்கத்தில் நங்கூரமும் சங்கிலியும். அதன் மேல் ஒரு பழைய பேட்டரி.

கஸ்பார் வேறு பக்கம் பார்த்தார்.

"இடம் சும்மா கெடந்துச்சு," என்றார்.

எமில்டா அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்கவே இல்லை. கேட்காமல் இருக்கிறவர்களிடம்தான் மனிதன் எல்லாவற்றையும் கொட்டுகிறான், கஸ்பாரும் கொட்டினார். பதினோரு வருடத்துக்கு முன்னால் சிலுவை முதலாளியின் சின்னப் படகில் பெட்ரோல் தீர்ந்து நடுக்கடலில் நின்ற கதை. மூன்று நாள் காற்று இழுத்துக்கொண்டு போனது. ஐஸ் பெட்டியில் உருகிய மீன் தண்ணீரைக் குடித்தார். நான்காம் நாள் ஒரு கப்பல்காரன் கண்டெடுத்தான். அதற்குப் பிறகு காலுக்குப் பக்கத்தில் கேன் இல்லாமல் அவர் எந்தப் படகிலும் கடலுக்குக் கிளம்பியதில்லை. பிரகாசிக்கும் இது தெரியாது.

எமில்டா கரையில் மீன் எடை போடும் தராசுக்காரரைக் கூப்பிட்டாள். கேன், கேன், நங்கூரம், பேட்டரி. ஒவ்வொன்றாகத் தராசில் ஏறின.

ஐம்பத்தெட்டு கிலோ.

"உங்க படகுல இன்னொரு ஆள் வாராரு மாமா," என்றாள். "இறக்கி விடுங்க."

கஸ்பார் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். தராசுக்காரர் மீன் வருகிறது, எடுங்கள் என்று சத்தம் போட்ட பிறகுதான் அசைந்தார்.

நங்கூரத்தை முன்பக்கம் கொண்டு வைத்தார். பேட்டரியைப் பழைய இரும்புக்காரனிடம் போடச் சொல்லி எமில்டாவிடமே கொடுத்தார். முதல் கேனை அவளிடம் கொடுத்தார். இரண்டாவது கேனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

இது ஒன்றே ஒன்று இருக்கட்டுமே என்று மெதுவாகக் கேட்டார்.

எமில்டா பெயின்ட் டப்பாவை எடுத்தாள். வெள்ளை டேங்க்கின் பாதியில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தாள்.

"இது வந்தா திரும்பிருங்க. மீன் எம்புட்டுக் கெடந்தாலும் சரி."

கஸ்பார் இரண்டாவது கேனையும் கொடுத்தார்.

*

கொடியேற்றத்தன்று காலை ஊரே கரையில்தான் இருந்தது. சாயங்காலக் கொடிக்கு மரம் நடுகிறவர்கள், பந்தல் போடுகிறவர்கள், வெறுமனே நிற்கிறவர்கள். சட்டியைத் தள்ளிக்கொண்டு கஸ்பார் இறங்கியதும் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வரிசையாக நின்றார்கள். பிரகாசி வரிசையில் நிற்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகை ஒரு தள்ளு தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேறினாள்.

முகத்துவாரம் நெருங்கியது.

கஸ்பாரின் இடது குதிகால் தானாகப் பின்னால் போய்க் கேனைத் தேடியது. ஒன்றும் இல்லை. குளிர்ந்த தகடுதான் தட்டுப்பட்டது. இப்போதே திருப்பிவிடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. அவர் டேங்க்கைப் பார்த்தார். பெட்ரோல் நிறைந்து நின்றது. சிவப்புக் கோடு வெகு கீழே இருந்தது.

அவர் காலை முன்னால் இழுத்துக்கொண்டார்.

முதல் அலை. படகு ஏறியது, இறங்கியது.

இரண்டாவது அலை. முன்பக்கம் எழும்பியது. கஸ்பார் வானத்துக்காகக் காத்திருந்தார். வானம் வரவில்லை. எழும்பிய முன்பக்கம் ஒரு கணம் நின்று, யோசித்து, மெதுவாகக் கீழே வந்தது. பின்பக்கம் ஒரு சொட்டு ஏறவில்லை.

மூன்றாவது அலை அவர் தலைக்கு மேல் நின்றது. எஞ்சினை முழுவதும் முறுக்கினார். சட்டி அலையின் முதுகில் ஏறி, உச்சியில் ஒரு நொடி தண்ணீரே இல்லாத இடத்தில் நின்று, அந்தப் பக்கம் தட்டையாக விழுந்தது. அண்டா கவிழ்ந்ததுபோல் ஒரு சத்தம். அந்தச் சத்தம் கரை வரைக்கும் கேட்டதாக இன்றும் சொல்கிறார்கள்.

பிறகு சத்தமே இல்லை. நாலாப்பக்கமும் கடல்.

கஸ்பாருக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதார். பார்க்க யாரும் இல்லாததால் மூக்கையும் சத்தமாகச் சிந்தினார். பிறகு சட்டியைத் திருப்பி, கரைக்காரர்கள் கண்ணில் படும்படி மூன்று வட்டம் சுற்றினார். பெட்ரோலுக்குப் பிடித்த கேடு அது, எமில்டா பார்த்தால் திட்டுவாள் என்று தெரிந்துதான் சுற்றினார். கரையில் கூச்சல் எழும்பியது. பந்தல்காரர்கள் மேளத்தையே எடுத்துவிட்டார்கள்.

அன்று சீலா மீன் பாய்ந்துகொண்டிருந்தது. கஸ்பாரின் தூண்டிலில் பதினொன்று விழுந்தது. பன்னிரண்டாவது இழுக்கும்போது பெட்ரோல் சிவப்புக் கோட்டைத் தொட்டது. சுற்றிலும் மீன் துள்ளியது. கஸ்பார் ஒருமுறை கடலைப் பார்த்தார், ஒருமுறை கோட்டைப் பார்த்தார். பன்னிரண்டாவதை மட்டும் ஏற்றிக்கொண்டு எஞ்சினைத் திருப்பினார்.

உள்ளே வருவது இன்னும் எளிதாக இருந்தது. டேங்க் பாதிக்கும் கீழே போயிருந்தது, படகுக்கு அது தெரியவே இல்லை. அலையே தூக்கிக்கொண்டு வந்து ஆற்றுக்குள் விட்டது.

கரை தட்டியதும் பத்துக் கை படகைப் பிடித்து இழுத்தது. பிரகாசி மீனை எண்ணவில்லை, புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எமில்டா கூட்டத்துக்குப் பின்னால் நின்று, படகின் பக்கத்தில் போட்ட கோடு தண்ணீரில் எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி நடந்தாள். முதல் மீனைத் தூக்கிக்கொண்டு கஸ்பார் அவள் பின்னால் ஓடப் போனார்.

சிலுவை முதலாளி குறுக்கே வந்தார். வேட்டி நனைவதையும் பார்க்காமல் தண்ணீரில் நின்றார். நல்ல மனிதர்தான். சட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஒருநாள் பாய்ச்சல் எல்லா நாளும் வராது என்றார். வயசாகிறது என்றார். கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கஸ்பாரு, என் படகுல உன் இடம் இன்னும் சும்மாதான் கெடக்கு. வேற யாரையும் போடல."

கஸ்பார் மீனைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"சும்மாவே கெடக்கட்டும் முதலாளி," என்றார்.